தீபாவளித் தையலும் தீபத்துப் பணியும்

திருவண்ணாமலையில் குடும்பம் நடத்துகிறவர்கள் பௌர்ணமி என்றைக்கு என்று பார்க்காமல் எதற்கும் நாள் குறிக்க மாட்டார்கள். காதுகுத்து வைப்பதானாலும், ஊரிலிருந்து அக்காவை வரச் சொல்வதானாலும், வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிடுவதானாலும் காலண்டரில் முதலில் தேடுவது அந்த வெள்ளை வட்டத்தைத்தான். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து மறுநாள் விடியும் வரை 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கால் வைக்க இடம் இருக்காது. என் வீட்டுக்காரர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநர். பௌர்ணமி என்றால் சிறப்புப் பேருந்து. சிறப்புப் பேருந்து என்றால் அவர் வீட்டில் இல்லை. வார ஓய்வு அந்த நாளில் விழுந்தாலும் டிப்போவிலிருந்து ஆள் வந்துவிடும்.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு கட்டிங் மேசை. ஜூனில் பள்ளிச் சீருடை, ஆவணியில் முகூர்த்த ரவிக்கைகள், புரட்டாசி பாதியில் தொடங்கித் தீபாவளிக்கு முதல்நாள் நள்ளிரவு வரை தலை நிமிர முடியாத வேலை. அது ஓய்ந்ததும் எங்கள் ஊரின் பெரிய திருவிழா வந்து நிற்கும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது, கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி வருவது. சில வருஷம் நடுவில் ஒன்றரை மாதம் கிடைக்கும். 2017இல் தீபாவளி அக்டோபர் 18, தீபம் டிசம்பர் 2. சில வருஷம் இரண்டே வாரம். 2023இல் தீபாவளி நவம்பர் 12, தீபம் நவம்பர் 26. அந்த மாதிரி வருஷங்களில் தீபாவளித் துணியின் நூல் துண்டுகளைக் கூட்டி அள்ளுவதற்குள் கோயிலில் கொடி ஏறிவிடும். அதன் பின்னாலேயே அரையாண்டுத் தேர்வு.

இப்படிப்பட்ட வீட்டில் இரண்டு பிள்ளைகளும் சாரணர் படையில் இருந்தார்கள். பையன் 2015இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது சாரணனானான். பெண் 2019இல். ஆண்கள் பள்ளி ஒரு பக்கம், பெண்கள் பள்ளி ஒரு பக்கம். அவனுக்குச் சனிக்கிழமை காலை, அவளுக்கு வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகு. வாரத்தில் இந்த இரண்டு பொழுதும் என் மெஷின் நிற்கும் பொழுதுகள். எப்படிச் சமாளித்தீர்கள் என்று என்னிடம் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற தாய்மார்கள் கேட்பார்கள். தங்கள் பிள்ளையைச் சேர்க்கலாமா வேண்டாமா என்ற யோசனையோடுதான் கேட்பார்கள். அவர்களுக்கு நின்றுகொண்டே சொன்ன பதிலை இங்கே உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன்.

பையனைச் சேர்க்க வேண்டும் என்று சொன்னவர் அவன் அப்பாதான். "நான் வீட்டுல இருக்கறதே பாதி நாளு. பத்துப் பேரோட பழகி, நாலு வேல கத்துக்கிட்டு வரட்டும்" என்றார். எனக்கு முதலில் கண்ணில் பட்டது சட்டைதான். சாம்பல் நிறச் சட்டை, மார்பில் மூடி வைத்த இரண்டு பை, தோளில் பட்டி. கடையில் தைத்து வாங்கினால் ஒரு சேலை விலை. துணி மட்டும் எடுத்து நானே வெட்டினேன். வளர்கிற பிள்ளை என்று கையில் இரண்டு அங்குலம் மடித்து உள்ளே தைத்து வைத்தேன். தோள் பட்டிக்குக் கேன்வாஸ் வைக்காவிட்டால் இரண்டு சலவையில் துவண்டுவிடும். உறுப்பினர் அடையாளத்தை இடது பையின் நடுவில் வைக்க வேண்டும். அதை மெஷினில் கொடுத்தால் பை உள்ளே ஒட்டிக்கொண்டு மூடிவிடும். பைக்குள் இடது கை விரல்களை விட்டுக்கொண்டு வலது கையால் ஒவ்வொரு தையலாகப் போட வேண்டும். ஒரு சின்ன வில்லைக்கு அரை மணி நேரம். பிறகு அவன் படையில் பாதிப் பேருக்கு அடையாளம் தைத்துக் கொடுத்தது நான்தான். அதற்குக் காசு வாங்கியதில்லை.

சாரணர் படையில் சேர்ந்ததும் பிரவேஷ் என்று ஒரு தொடக்கத் தேர்வு. உறுதிமொழி, சட்டம், இறைவணக்கப் பாட்டு, கொடிப் பாட்டு, இயக்கத்தின் வரலாறு எல்லாம் சொல்ல வேண்டும். நான் தைத்துக்கொண்டிருக்க, அவன் கட்டிங் மேசைக்குக் கீழே உட்கார்ந்து சத்தமாகப் படிப்பான். பேடன் பவல் 1857 பிப்ரவரி 22இல் பிறந்தார். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ என்ற தீவில் 20 சிறுவர்களை வைத்து முதல் முகாம் நடத்தினார். அதில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் கலந்திருந்தார்கள். 1909இல் சாரணர் இயக்கம் இந்தியாவுக்கு வந்தது, ஆனால் இந்தியப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. இந்த இடத்தில் நான் மெஷினை நிறுத்தினேன். "நம்ம ஊருல நடத்திட்டு நம்ம பிள்ளைங்களையே சேக்கலையா?" அவன் புத்தகத்தைப் புரட்டி அடுத்ததைச் சொன்னான். அதனால்தான் 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார். வடக்கே மதன் மோகன் மாளவியா போன்றவர்கள் சேவா சமிதி வழியாகத் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1950 நவம்பர் 7இல் பிரிந்து கிடந்த சங்கங்கள் சேர்ந்து பாரத சாரணர் இயக்கமாகின. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15இல் பெண்கள் பிரிவும் இணைந்தது. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். இதில் எதையும் என் பள்ளிக்கூடம் சொல்லவில்லை. மகன் வாயால்தான் கேட்டேன். நான்கு வருஷம் கழித்து அதே மேசைக்கு அடியில் மகள் படித்தபோது அவள் தடுமாறுகிற இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன்.

என் மாமியாருக்கு ஒரு விஷயம்தான் பிடிக்கவில்லை. சாரணர்கள் ஒருவருக்கொருவர் இடது கையால் கை குலுக்குவார்கள். முதல் நாள் வந்து ஆயாவிடம் இடது கையை நீட்டினான். "இன்னாடா இது, நல்லது கெட்டதுக்குச் சோத்தாங்கைய நீட்டணும்னு சொல்லிக் குடுக்கல அந்த வாத்தியாரு?" என்று கையைத் தட்டிவிட்டார். அவன் விடவில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு வீரர் கூட்டம். இடது கையில் கேடயம், வலது கையில் ஈட்டி. எதிரில் வருகிறவனை நம்புகிறவன்தான் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு இடது கையை நீட்ட முடியும். சாரணர்களிடையே வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. என் மாமியார் அந்தக் கதையை நன்றாகக் கேட்டார். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் அவன் கிளம்பும்போது அவராகவே இடது கையை நீட்டினார். கழுத்தில் போடுகிற ஸ்கார்ஃபின் நுனியில் அவன் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வான். அன்றைக்கு யாருக்காவது ஒரு உதவி செய்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும் என்பது பேடன் பவல் காலத்திலிருந்து வரும் பழக்கம். அது மட்டும் அவருக்கு முதல் நாளே புரிந்தது. மறக்கக் கூடாத காரியத்துக்கு முந்தானையில் முடிச்சுப் போட்டு வளர்ந்தவர் அவர்.

முடிச்சுகளால் எனக்குக் கொஞ்ச நாள் தொந்தரவு இருந்தது. பாவாடை நாடா, எலாஸ்டிக், அளவு டேப் வரைக்கும் எடுத்து முடிச்சுப் போட்டுப் பார்ப்பான். ரீஃப் நாட், ஷீட் பெண்ட், குளோவ் ஹிட்ச், போலைன். ரீஃப் நாட் காயத்துக்குக் கட்டுப் போடப் பயன்படுவது. முதலில் வலது நுனியை இடதின் மேல், அடுத்து இடது நுனியை வலதின் மேல் போட வேண்டும். இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டால் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், இழுத்தால் நழுவிவிடும். சரியாகப் போட்டது தட்டையாகப் படியும், தோலை அழுத்தாது, அவிழ்க்க வேண்டும் என்றால் ஒரு நுனியைத் திருப்பி இழுத்தால் போதும். தையல்காரிக்கு முடிச்சு புதிதில்லை. ஆனால் எந்த வேலைக்கு எந்த முடிச்சு, ஏன் அது என்று யோசித்து ஒரு பதினோரு வயதுப் பிள்ளை போடுவதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவனுக்கென்று ஆறு முழம் பருத்திக் கயிறு வாங்கிக் கொடுத்தேன். என் நாடாக்கள் பிழைத்தன.

இவையெல்லாம் வீட்டுக்குள் நடந்தவை. வீட்டையே மாற்றியது அணி முறை. படையில் ஆறேழு பிள்ளைகள் சேர்ந்து ஒரு அணி. அதற்கு ஒரு தலைவன். முகாமில் ஒருவன் தண்ணீர், ஒருவன் விறகு, ஒருவன் சமையல், ஒருவன் கூடாரத்தைச் சுற்றிச் சுத்தம். மறுநாள் வேலை மாறும். யாருடைய வேலையையும் ஆசிரியர் செய்ய மாட்டார். 2018இல் தீபாவளி நவம்பர் 6, தீபம் நவம்பர் 23. பையன் ஒன்பதாம் வகுப்பு, அணித் தலைவனாகியிருந்தான். மெஷின் பக்கத்தில் எழுபது எண்பது ரவிக்கை குவிந்து கிடக்கிறது, காஜா எடுக்க ஆள் வரவில்லை, என் வீட்டுக்காரருக்கு இரவு வெளியூரில் தங்கல். ஒரு ராத்திரி அவன் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எல்லார் பெயரையும் எழுதிச் சுவரில் ஒட்டினான். காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் பிடிப்பது அவன். அரிசி களைந்து குக்கர் வைப்பது தங்கை. ஹூக் வைப்பதும் ஹெம்மிங்கும் ஆயா. முடிந்த துணியை இஸ்திரி போட்டு, பில் பார்த்துக் கொடுத்து, பாக்கி வாங்குவது அவன். அப்பா வருகிற நாளில் காய்கறி அப்பா. என் பெயருக்கு நேரே 'தையல் மட்டும்' என்று எழுதியிருந்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் எனக்கு ஒரே ஒரு வேலை என்று யாரும் எழுதிக் காட்டியதில்லை. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

பிள்ளையைச் சேர்த்தால் வீட்டுக்கு வேலை கூடும் என்று பயப்படுகிற தாய்மார்களுக்கு நான் சொல்வது இந்தச் சுவர்த் தாளைப் பற்றித்தான். வாரத்தில் இரண்டு மணி நேரம் போகிறது என்பது உண்மை. கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும், முகாமுக்குப் பணம் கட்ட வேண்டும், வெள்ளிக்கிழமை ராத்திரி சட்டை துவைத்துக் காயவைக்க வேண்டும். ஆனால் படையில் ஒழுங்காகப் பழகிய பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வரும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. என் குடும்பத்தின் நேரம் குறைந்ததா கூடியதா என்று கேட்டால், கூடியது என்றுதான் சொல்வேன்.

தீபத்துக்குச் சாரணர் பணி என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கிற பாடம். பத்து நாள் திருவிழா. பத்தாம் நாள் விடிகாலையில் கோயிலுக்குள் பரணி தீபம், சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியில் மகா தீபம். 2,668 அடி உயரத்தில் செப்புக் கொப்பரை. ஆயிரக்கணக்கான கிலோ நெய், திரிக்கு 1,000 மீட்டருக்கு மேல் காடாத் துணி. துணியைத் தொட்டுப் பிழைக்கிறவள் என்பதால் அந்தக் கணக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். ஊருக்கு வெளியே ஒவ்வொரு சாலையிலும் தற்காலிகப் பேருந்து நிலையம். வண்டிகள் ஊருக்குள் வர முடியாது. வந்து இறங்குகிற லட்சக்கணக்கான ஜனம் எந்தப் பக்கம் போவது, தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று தெரியாமல் நிற்கும். போலீசார் எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் வெளி மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவூடல் தெருவும் வட ஒத்தவாடை தெருவும் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்காகத்தான் அவர்களை நிறுத்துகிறார்கள்.

அந்த 2018 தீபத்தன்று மதியமே பையனின் படை ராஜகோபுரத்துப் பக்கம் போய் நின்றது. அவன் அப்பா செங்கம் சாலைப் பக்கம் ஏதோ ஒரு நடையில். நான் மகளோடு மாடியில். ஆறு மணிக்கு மலையில் சுடர் தெரிந்ததும் ஊரே "அண்ணாமலைக்கு அரோகரா" என்று எழுந்தது. ராத்திரி வந்த பையனிடம் "நல்லாத் தெரிஞ்சுதாடா?" என்று கேட்டேன். "நாங்க பாக்கலம்மா. சார் எங்கள ஜனத்தப் பாத்துத்தான் நிக்கச் சொன்னாரு. எல்லாரும் மேல பாக்கச் சொல்லத்தான் கீழ விழுவாங்களாம்" என்றான். மலைக்கு முதுகு காட்டி நின்றிருக்கிறார்கள் அத்தனை பிள்ளைகளும். அவர்கள் பார்த்தது, சுடர் தெரிந்த அந்த நொடியில் மாறிய ஆயிரக்கணக்கான முகங்களை.

அதே சாயங்காலம் நடந்ததை அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். ஆந்திரா பக்கத்து அம்மா ஒருவர், அறுபது எழுபது வயதிருக்கும், கூட வந்தவர்களை விட்டுவிட்டார். அவனுக்குத் தெலுங்கு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அவன் அவரைக் கூட்டத்தின் ஓரத்துக்கு நடத்திக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறான். தண்ணீர் கொடுத்திருக்கிறான். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் சுருட்டிய காகிதத்தில் ஒரு எண். அவனிடம் போன் இல்லை. கூட இருந்த பையனை அங்கேயே விட்டுவிட்டு, காகிதத்தோடு போலீஸ் உதவி மையத்துக்கு ஓடியிருக்கிறான். "ஏன் அந்தம்மாவையே கூட்டிட்டுப் போகல?" என்றேன். "அவங்களத் தேடி யாராவது தொலைஞ்ச எடத்துக்கே வந்தா? ஒருத்தர் அங்க இருக்கணும்மா, ஒருத்தர்தான் போகணும்" என்றான். அணியில் இருவர் இருவராகத்தான் நிற்க வேண்டும் என்ற பழக்கம் அன்றைக்கு அவனுக்கு வழிகாட்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் மகன் வந்து கூட்டிப்போனாராம். போகும்போது அந்த அம்மா இவன் தலையில் கை வைத்து ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்று இவனுக்குப் புரியவில்லை. எங்கள் எல்லாருக்கும் புரிந்தது.

சாரண ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதக் கூடாது. அவர்கள் தனியாக இதற்கென்று வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் இல்லை. காலையில் கணக்கோ வரலாறோ நடத்துகிறவர்கள். அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி, ஹிமாலய உட் பேட்ஜ் என்று தங்கள் விடுமுறையைக் கொடுத்துப் படிப்படியாகப் பயிற்சி பெறுகிறார்கள். கடைசிப் படி முடித்தவர்கள் கழுத்தில் தோல் கயிறும் இரண்டு மரமணியும் இருக்கும். பையனின் ஆசிரியருக்கு வீட்டில் கைக்குழந்தை. ஆனாலும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மைதானத்தில் நிற்பார். ஒருநாள் அவர் மனைவி என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தபோது, "சனி ஞாயிறுன்னா எனக்கும் ட்யூட்டிதான்க்கா" என்றார். என் பிள்ளை நல்லபடி நின்றதற்கு அந்தப் பெண் தூக்கம் கெட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டதும் காரணம். அன்றிலிருந்து அவர் துணியை முதல் வரிசையில் வைத்தேன்.

பெண்ணின் விஷயம் வேறு. பையன் முகாமுக்குப் போகிறான் என்றால் பக்கத்து வீட்டில், "எப்ப வருவான்?" என்று கேட்டார்கள். பெண் போகிறாள் என்றால், "எதுக்கு அனுப்புறீங்க?" என்று கேட்டார்கள். 2020இலும் 2021இலும் கொரோனா. தீபத்துக்கே வெளியூர் பக்தர்கள் வழக்கம்போல் வர முடியவில்லை, கிரிவலத்துக்குக் கட்டுப்பாடு வந்தது, படையும் நின்றது. பள்ளி திறந்து மறுபடி தொடங்கியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. முதல் இரவு முகாமுக்குக் கடிதம் வந்தது. சொந்தக்காரர்களில் பெரியவர் ஒருவர், வயசுக்கு வந்த பிள்ளையை வெளியில் தங்க வைப்பதா என்று வீட்டுக்கே வந்து பேசினார். என் வீட்டுக்காரர் அன்று ட்யூட்டியில் இருந்தார். பதில் சொன்னவர் என் மாமியார். "பொட்டப் பிள்ள ராத்திரியில தனியா மாட்டிக்கிட்டா இன்னா பண்ணணும்னு அங்க சொல்லிக் குடுக்கறாங்க. நீ சொல்லிக் குடுப்பியா?" அதோடு பேச்சு முடிந்தது.

நான் போய் சாரணிய ஆசிரியையைப் பார்த்தேன். எங்கே தங்குவார்கள், எத்தனை ஆசிரியைகள், கழிப்பறை எவ்வளவு தூரம், ராத்திரி விளக்கு உண்டா, மாதவிடாய் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இப்படிக் கேட்பது நம் உரிமை, பதில் சொல்வது அவர்கள் கடமை. கேட்டு, திருப்தியானால் அனுப்ப வேண்டும். கேட்காமலே வேண்டாம் என்று சொல்வது பெண் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். தட்டு, டம்ளர், டார்ச், விசில், கயிறு, போர்வை, மாற்று உடை. பையை அவளே கட்டினாள். உள்பக்கம் ஜிப் வைத்து ஒரு சின்னப் பை தைத்து, நாப்கினும் இருநூறு ரூபாயும் வைத்து இடுப்புப் பட்டியில் கோத்துக் கொடுத்தேன். அடுத்த முகாமுக்குள் அவள் அணியில் எல்லாருக்கும் அதே மாதிரிப் பை தேவைப்பட்டது.

அவள் பத்தாம் வகுப்பு படித்த வருஷம்தான் அந்த 2023, இரண்டே வாரத்தில் தீபம் வந்த வருஷம். டியூஷன் நடத்துகிறவர் கறாராகச் சொன்னார்: பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைக்கு ஸ்கவுட்டும் கைடும் எதற்கு, மார்ச் வரைக்கும் நிறுத்துங்கள். இந்த ஊரில் பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகளை எல்லாவற்றிலிருந்தும் பிடுங்கிவிடுகிறார்கள். பாட்டு, கபடி, சாரணர் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். ஆறாம் வகுப்பிலிருந்து படிப்படியாக ஏறி, பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் முடித்து, ஆளுநர் விருதுக்கான ராஜ்ய புரஸ்கார் வரைக்கும் வந்த பிள்ளையைக் கடைசிப் படியில் இறக்கிவிடுவது என்ன நியாயம்? வீட்டில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து பேசினோம். தொலைக்காட்சியை மார்ச் வரை நிறுத்துவோம், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு நானும் அவரும் மட்டும் போவோம், வெள்ளிக்கிழமை படையும் தீபத்துப் பணியும் இருக்கட்டும் என்று முடிவானது. தீபம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாயங்காலம் வரை நின்றுவிட்டு வந்து, கால் வீங்கியிருக்க, வெந்நீரில் வைத்துக்கொண்டு அறிவியல் புத்தகத்தைப் பிரித்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. மே மாதம் பதினோராம் வகுப்பில் அவள் கேட்ட பிரிவு கிடைத்தது.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலையடிவாரத்து வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் போனார்கள். அவர்களில் ஐந்து பேர் சிறு பிள்ளைகள். தினமும் கும்பிடுகிற மலை. ஊர் உறைந்து போனது. அடிவாரத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்குத் துணியும் பாயும் சேர்க்கிறோம் என்று மகளும் அவள் தோழிகளும் தெருத்தெருவாகப் போனார்கள். பழைய துணியை அப்படியே கொடுக்கக் கூடாது, துவைத்து, பொத்தான் வைத்து, மடித்துத்தான் தர வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்து என் கட்டிங் மேசையில் கொண்டுவந்து கொட்டினார்கள். இரண்டு ராத்திரி என் வீட்டில் வாடிக்கையாளர் வேலை நடக்கவில்லை. பொத்தான் வைக்கத் தெரியாத பிள்ளைகள் பொத்தான் வைக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த வருஷம் டிசம்பர் 13இல் தீபம். மண் இளகியிருந்ததால் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. அதைத் தெரியாமல் வந்து நின்ற வெளியூர்க்காரர்களுக்குக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புகிற பொறுமை அந்தப் பிள்ளைகளிடம் இருந்தது.

அடுத்த மாதம் மணப்பாறையில் வைர விழா ஜம்போரி என்ற பெருமுகாம். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை, சிப்காட் வளாகத்தில், நாடெங்கிலுமிருந்து சுமார் 20,000 பேர். இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். பொங்கல் தையல் முடிந்து நான் கொஞ்சம் மூச்சு விட்டிருந்த நேரம். என் வீட்டுக்காரர் ஒருநாள் விடுப்புப் போட்டு எங்களைக் கூட்டிப்போனார். பேருந்தில் பயணியாக உட்கார்ந்து வந்தது அவருக்கே புதிதாக இருந்தது. கூடார வரிசை கண்ணுக்கு எட்டிய வரை. மகள் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள், ஓடி வரவில்லை. அவளுக்கு அன்றைக்குச் சமையல் முறை. அடுப்பை விட்டு வரக் கூடாது. நாங்கள் காத்திருந்தோம்.

பையன் இப்போது கல்லூரி முடித்து ஓசூரில் வேலை பார்க்கிறான். தீபத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறான், பழைய படையோடு நிற்க.

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஜூனில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது சாரணர் படை இருக்கிறதா என்று கேளுங்கள். பெயருக்கு இருக்கிறதா, வாரம் தவறாமல் நடக்கிறதா என்றும் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். நடக்கிறது என்றால் அந்த ஆசிரியரை ஒருநாள் போய்ப் பார்த்து, எங்களால் என்ன ஆக வேண்டும் என்று கேளுங்கள். தையல் தெரிந்தவர் தையல் கொடுக்கலாம், சமையல் தெரிந்தவர் முகாமுக்குச் சமைத்துக் காட்டலாம், வண்டி இருப்பவர் நான்கு பிள்ளைகளைக் கொண்டுபோய் விடலாம். பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளையை நிறுத்தாதீர்கள். பெண் பிள்ளையை முகாமுக்கு அனுப்புங்கள்.

தீபத்துக்கு எங்கள் ஊருக்கு வருகிறவர்களிடம் இன்னொன்று. கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பிள்ளை கையை நீட்டி இந்தப் பக்கம் போங்கள் என்றால் தட்டிக் கழிக்காமல் அந்தப் பக்கம் போங்கள். மதியத்திலிருந்து நிற்கிற பிள்ளை அது. கையில் தண்ணீர் பாட்டில் இருந்தால் ஒரு வாய் கொடுத்துவிட்டுப் போங்கள்.